என் கோபம் கட்டியாகவில்லை

"நோய் வெளியிலேருந்து வர்றதில்லம்மா. உள்ள அடக்கி வெச்ச கோபம்தான் ஒருநாள் கட்டியா மாறுது."

அவர் இதை மெல்லிய குரலில், என் கண்களைப் பார்த்து, சிரித்த முகத்தோடு சொன்னார். காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஓடு வேய்ந்த பெரிய கூடம். எங்களைச் சுற்றி இருபது பேருக்கு மேல் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என் இடது மார்பை சேலத்தில் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஜாக்கெட்டுக்குள் நானே தைத்த பஞ்சுத் திண்டு ஒன்று இருந்தது. அவர் சொன்னதைக் கேட்டு நான் தலையாட்டினேன்.

அவர் சொன்னது இருக்கட்டும். நான் தலையாட்டினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

ஏற்காடு கடைவீதியில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். என் வீட்டுக்காரர் சேலத்துக்கும் மலைக்கும் ஜீப் ஓட்டுகிறார். குளிக்கும்போது கட்டி கையில் தட்டுப்பட்டது. அடுத்த வாரமே சேலத்தில் பெரிய டாக்டரம்மாவிடம் போய்விட்டோம். ஆபரேஷன், பிறகு கீமோ, பிறகு கரண்ட் வைப்பது என்று சொல்கிற கதிர்வீச்சு. ஒவ்வொரு முறையும் கீமோ முடிந்து அடிவாரத்திலிருந்து ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி. மடியில் பாலிதீன் பையை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இன்னொரு கையை என் முதுகில் வைத்துக்கொண்டே ஓட்டுவார்.

எல்லாம் முடிந்து, இனி சோதனைக்கு மட்டும் வந்தால் போதும் என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது போலாயிற்று. வைத்தியம் நடந்த வரைக்கும் அடுத்து என்ன, அடுத்து என்ன என்று நாள் போய்விட்டது. அது நின்றதும் தூக்கம் போய்விட்டது. இடது கை வீங்கியது, துணியைத் தள்ளிப் பிடிக்க முடியவில்லை. அதைவிடக் கொடுமை, என் தொழிலே அடுத்தவள் மார்பைச் சுற்றி நாடா பிடித்து அளவு எடுப்பது. கல்யாணப் பெண் ஒருத்திக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது நாடாவை அப்படியே கீழே போட்டுவிட்டு, "நாளைக்கு வா" என்று கத்தி அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. ஏன் வந்தது என்று கேட்டவர்கள்தான் அதிகம். கேட்டுவிட்டு பதிலையும் அவர்களே சொன்னார்கள். தலைக்கு மை போட்டதால், பிளாஸ்டிக் டப்பாவில் சோறு கட்டியதால், இறுக்கமாக உடுத்தியதால், யாரோ கண் வைத்ததால். எல்லாருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணம் தங்கள் வீட்டில் இல்லை என்று பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் போய்ச் சேர்வார்கள்.

கோயமுத்தூரில் இருக்கும் நாத்தனார்தான் அந்த இடத்தைப் பற்றிச் சொன்னாள். "அண்ணி, உங்க ஊருலயே ஒரு தியான மையம் இருக்குதாமா. மூச்சுப் பயிற்சி, பெயின்டிங் எல்லாஞ் சொல்லித் தராங்களாமா. உள்ளூர்க்காரங்களுக்கு சும்மாவே உடறாங்களாமா. போய்த்தான் பாருங்களேன்."

"இருக்கற வேலைக்கு அங்க போயிப் படம் வேற வரையோணுமாக்கும்" என்றேன்.

வீட்டுக்காரர் மட்டும், "போயிட்டு வா புள்ள. நீ தூங்கி எத்தன நாளாச்சு. நானே ஜீப்புல கொண்டாந்து உடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போக ஆரம்பித்தேன். அங்கே எல்லோரும் அவரை 'ஐயா' என்றார்கள். ஏதோ பெரிய கம்பெனியில் வேலை பார்த்து, விட்டுவிட்டு மலைக்கு வந்தவர். வெள்ளை வேட்டி, சட்டை, அதிர்ந்து பேசமாட்டார். மோசடிக்காரர் என்று அவரைச் சொல்லிவிட முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படிச் சொல்ல முடியாது. சொன்னதையெல்லாம் அவர் நம்பினார்.

முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. கண்ணை மூடி மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டிரு, வேறு ஒன்றும் செய்யாதே என்றார். ஒரு வருடமாக என் உடம்பை யாராவது குத்திக்கொண்டும் அழுத்திக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். உடம்பும் என்னிடமிருந்து ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தது. இங்கே முதல்முறையாக அந்த உடம்பை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே சில்வர் ஓக் மரங்களில் காற்று அடித்தது. அன்று வீட்டுக்குப் போய் மத்தியானம் சாப்பிட்டதும் படுத்தவள், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்தேன். வீட்டுக்காரர் எழுப்பாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

தியானம் முடிந்ததும் பெரிய தாளும் நீர்வண்ணமும் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் பிரஷ்ஷைப் பிடித்ததே இல்லை. முதலில் கோடு கோடாக இழுத்தேன். பிறகு இலைகள், மிளகுக் கொடி, எங்கள் ஜீப். ஈரத் தாளில் சாயம் தானாகப் பரவிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. துணியில் ஒரு நூல் தவறினால் பிரிக்க வேண்டும். இங்கே தவறினால் தவறட்டும் என்று விட்டுவிடலாம்.

ஒரு ஞாயிறு, "உங்க உடம்பை நீங்க எப்படிப் பாக்கறீங்களோ அதை வரைங்க" என்றார் ஐயா. நான் ஒரு ஜாக்கெட் வரைந்தேன். வலது பக்கம் கப் வைத்துத் தைத்தது போல உருண்டு இருந்தது. இடது பக்கத்தைத் தட்டையாக விட்டு, முழுவதும் சிவப்பு அடித்தேன். நன்றாக வந்திருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "இவ்வளவு சிவப்பு எதுக்கும்மா?"

"சிவப்பு எனக்குப் பிடிக்குங்க."

"இது கோபம். யாரை நீங்க இன்னும் மன்னிக்கல?"

"அப்படி யாருமில்லைங்க."

"யோசிச்சுப் பாருங்க" என்றவர், குரலை உயர்த்தாமலே எல்லோருக்கும் கேட்கும்படி அந்த வார்த்தையைச் சொன்னார். அடக்கி வைத்த கோபம் கட்டியாகிறது என்று. நான் தலையாட்டினேன். பாயில் இருந்தவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அதுவரைக்கும் எனக்கு நோய் மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்து குற்றமும் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தேடினால் கோபம் கிடைக்காமலா போகும்? செத்துப்போன மாமியார் மேல், சொத்துப் பாகத்தில் சண்டை போட்ட என் அக்கா மேல், வீட்டுக்காரர் மேல். கல்யாணமான புதிதில் ஒரு தடவை குடித்துவிட்டு வந்து என்னைக் கன்னத்தில் அடித்திருக்கிறார். மறுநாளே அவர் என் அப்பாவின் வீட்டுக்கு வந்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு கை ஓங்கியதில்லை, குடித்ததும் இல்லை. நான் அதை மறந்தே போயிருந்தேன். ஐயா சொன்னதும் அதைத் தோண்டி எடுத்தேன்.

அடுப்படியில் நின்றுகொண்டு, "ஏனுங்க, அன்னிக்கு என்னைய அடிச்சீங்களே, அதுதான் எனக்குக் கட்டியா வந்திருக்குது" என்றேன்.

அவர் கையில் தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தார். "நெசமாலுமா புள்ள?"

"ஐயா சொன்னாருங்க."

அவர் சாப்பிடாமல் எழுந்து வெளியே போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு பல வாரங்கள் அந்த மனுஷர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சட்டை தொளதொளவென்று ஆகிற அளவுக்கு இளைத்தார். கீமோ நாட்களில் என் முதுகில் கை வைத்துக்கொண்டே மலை ஏற்றியவர், தன் கையால்தான் எனக்குப் புற்றுநோய் வந்தது என்று நம்பிக்கொண்டு தினமும் அதே பாதையில் வண்டி ஓட்டினார்.

சோதனைக்குப் போன அன்று டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"யாரும்மா சொன்னது? கோபப்பட்டதால கேன்சர் வராது. உங்களுக்கு ஏன் வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னுதான் சொல்லணும்."

ஏன் வந்தது என்ற கேள்விக்கு, தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். வெளியே வந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னேன். "உங்களால வரலைங்களாம். யாராலயும் இல்லீங்களாம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

அவர் கியரை மாற்றினார். அடிவாரம் தாண்டி, பாதி மலை ஏறிய பிறகு ஓரமாக நிறுத்தி இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் ஓட்டினார்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அந்த மையத்துக்குப் போனேனா என்றால், போனேன். மூச்சும் சாயமும் எனக்கு உதவியது உண்மை. அவர் பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல், அவை இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படியே விட்டிருப்பேன், அந்தக் குப்பனூர்ப் பெண் வராமல் இருந்திருந்தால்.

முப்பது வயதுகூட இருக்காது. நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மலைக்குக் கீழே இருக்கிற குப்பனூரிலிருந்து பஸ் ஏறி வருவாள். படம் வரையும்போது என் பக்கத்தில்தான் உட்காருவாள். பூவும் பட்டாம்பூச்சியுமாகப் போடுவாள், குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கை. எதற்காக வருகிறாள் என்று நான் கேட்டதில்லை. என்னைக் கேட்டவர்களால் பட்டது போதும் என்பதால் நான் யாரையும் கேட்பதில்லை.

ஒரு ஞாயிறு, அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"எனக்கு இங்க ஒரு கட்டிங்க" என்று துப்பட்டாவின் மேல் கை வைத்தாள். "சேலத்துல ஊசி போட்டு எடுத்துப் பாத்தாங்க. கேன்சர்தான், ஒடனே ஆபரேஷன் பண்ணோணும்னாங்க. நான் போகலைங்க. இங்க வந்து எல்லாரையும் மன்னிச்சிட்டேனுங்க. இப்ப கட்டி சின்னதான மாதிரி இருக்குதுங்க."

கூடத்தில் கைதட்டினார்கள். ஐயா கண்ணை மூடிக் கை கூப்பினார்.

நான் எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை. "எதுக்குங்க கைதட்டறீங்க? அந்தப் புள்ளைக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லியிருக்கறாங்க. பண்ணிக்கலைன்னு சொல்லுது. அதுக்கா கைதட்டறீங்க?"

"அம்மா, உக்காருங்க" என்றார் ஐயா. "இப்ப பேசறது நீங்க இல்ல, உங்க கோபம். மூச்சை கவனிங்க."

எனக்குத் தூக்கம் கொடுத்த அந்த மூச்சை எடுத்து என் வாயை அடைக்கப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஏற்றிய கீமோ பாட்டில்களைவிட, மாரை வெட்டி எடுத்ததைவிட, அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு அதிகக் கோபத்தைக் கொடுத்தது.

"ஆமாங்க, கோபம்தான் பேசுது" என்றேன். "இங்க வேற யாரும் பேசக் காணோம், அதனால அது பேசுது. எம்மாருல இருந்ததை வெட்டி எடுத்ததாலதான் இன்னிக்கு நான் உங்க முன்னால நின்னு கத்தறேன். மன்னிச்சதால இல்ல."

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன். பெண்களுக்கான குளியலறையில் தாழ் போட்டுவிட்டு, ஜாக்கெட்டின் ஊக்குகளைக் கழற்றிக் காட்டினேன். பஞ்சுத் திண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அக்குள் வரைக்கும் போகிற தழும்பை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஒரு விரலால் தொட்டாள்.

"வலிக்குதுங்களாக்கா?"

"இப்ப மரத்துக் கெடக்குது கண்ணு."

"உங்க ஊட்டுக்காரர் ஒன்னும் சொல்லலைங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தப் பெண் ஐயா சொன்னதை நம்பியதால் மட்டும் இங்கே வரவில்லை. பயந்திருந்தாள். அறுத்துவிட்டால் புருஷன் என்ன நினைப்பான், குளிக்கும்போது தன்னைத் தானே எப்படிப் பார்ப்பது என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஒரு அழகான பெயர் வைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் பாய் போட்டு உட்கார வைத்து, கையும் தட்டியிருக்கிறார்கள்.

"சொல்லலை" என்றேன். "நான் மொட்டத்தலையா இருந்தப்ப அவரும் மொட்ட போட்டுக்கிட்டாரு. பாக்கச் சகிக்கலை."

அவள் சிரித்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள்.

போகவில்லை. அடுத்த ஞாயிறு நான் மையத்துக்குப் போகவில்லை, குப்பனூருக்குப் போனேன். வீட்டுக்காரர் ஜீப்பை எடுத்தார். அவள் புருஷன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினார். "அந்த ஐயாகிட்ட எத்தன படிச்சவிங்க வராங்க. அவரு சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். வெட்டறதுன்னா எப்ப வேணாலும் வெட்டிக்கலாமில்லீங்க." உள்ளே அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாற்காலியைத் தூக்கிப் போடலாம் போல இருந்தது. என் வீட்டுக்காரர்தான் நிதானமாக, "தம்பி, எப்ப வேணாலும் வெட்டிக்க முடியாதுங்க. அது காத்துக்கிட்டு இருக்காது" என்றார். அவள் புருஷன் கேட்கவில்லை.

பிறகு காப்பி பூத்து, பூ உதிர்ந்தும் போயிற்று. மழைக்கு முன்னால் ஒரு காலை, கடையைத் திறந்து யூனிஃபார்ம் துணியை வெட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் ஆஸ்பத்திரிக் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் நின்றாள். தனியாகப் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"பெருசாயிடுச்சுங்கக்கா" என்றாள்.

கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டுக் கடையைப் பூட்டினேன். என் டாக்டரம்மாவிடமே கூட்டிப் போனேன். அவர் பழைய ரிப்போர்ட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை மாசம் எங்கம்மா போனீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தியானத்துக்குப் போனேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அக்குளுக்குப் பரவியிருந்தது. முதலில் கீமோ, சுருங்கிய பிறகு ஆபரேஷன் என்று முடிவு செய்தார்கள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இவ்வளவு மருந்து தேவைப்பட்டிருக்காது என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்.

அந்த வாரமே ஐயாவைப் போய்ப் பார்த்தேன். எனக்கு டீ கொடுத்தார். நான் சொன்னதை முழுதும் கேட்டார், கண் கலங்கினார். பிறகு, "நான் ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கன்னு யார்கிட்டயும் சொன்னதே இல்லையேம்மா" என்றார்.

உண்மை. அவர் சொன்னதில்லை.

"சொல்லலைங்க. போகலைன்னு அந்தப் புள்ள சொன்னப்ப கை கூப்புனீங்க. சரி, அது போகட்டும். இனிமேல் வகுப்பு ஆரம்பிக்கறப்ப ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. கட்டி இருக்கறவிங்க மொதல்ல டாக்டரைப் பாருங்க, இது வைத்தியம் இல்லைன்னு. அது போதுங்க."

அவர் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "எல்லாரும் அமைதி தேடி வர்றாங்க. ஆரம்பத்துலயே நோயைப் பத்திப் பேசுனா அந்த அமைதி கெட்டுடும்மா" என்றார்.

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். ஊரில் பலரிடம் சொன்னேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், நல்ல மனுஷரை ஏன் இப்படிப் பேசுகிறாய் என்றார்கள். மையம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நல்ல மனுஷர் என்பது அவருக்குக் கேடயமாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் யாராவது தட்டிக் கேட்டிருப்பார்கள்.

நான் இப்போதும் தினமும் காலையில் உட்காருகிறேன். கோபம் போக வேண்டும் என்று உட்காரவில்லை. அரை மணி நேரம் அதைப் பக்கத்தில் இறக்கி வைக்கிறேன், எழும்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் மேஜை மேல் சாயப் பெட்டி இருக்கிறது. மெஷினில் தைத்துத் தைத்து இடது கை கனத்துப்போனால் வலது கையால் எதையாவது வரைவேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இதென்ன, எருமையா?" என்பார். ஜீப்பு என்பேன்.

குப்பனூர்ப் பெண்ணோடு கீமோவுக்கு நான்தான் போனேன். அவள் புருஷன் முதல் தடவை வந்தார், மருந்து ஏறுவதைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். இப்போது அவர் மேல் எனக்கு முன்போல ஆத்திரம் இல்லை. சொட்டுச் சொட்டாக மருந்து இறங்க மணிக்கணக்காகும். கூடத்தில் படித்த மூச்சைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம். ஊசி குத்துகிறபோது அது அவளுக்குக் கைகொடுத்தது. அவள் தன் மகளுடைய கிரேயான் டப்பாவைக் கொண்டுவருவாள். நான் அட்டையைப் பிடித்துக்கொள்ள, ஊசி இல்லாத கையால் வரைவாள்.

ஒரு நாள் பட்டாம்பூச்சி போட்டுக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தி, அதன் மேலேயே கறுப்பு கிரேயானை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். தாள் கிழிந்தது. கிரேயான் ஒடிந்தது.

"அக்கா, எனக்கு அந்தாளு மேல கோபம் கோபமா வருதுங்க. எங்க ஊட்டுக்காரர் மேல வருது. என் மேலயே வருது. அவ்வளவு நாளும் கைதட்டுனாங்கன்னு சந்தோசமா உக்காந்திருந்தேனே."

"வரட்டும் கண்ணு."

"இதனால கட்டி இன்னும் பெருசாயிடாதுங்களா?"

கேட்கும்போது அவள் குரல் நிஜமாகவே பயந்திருந்தது. மருந்து ஏறிக்கொண்டிருக்கிற கையோடு ஒரு பெண், தனக்குக் கோபம் வந்தால் செத்துப்போவோமோ என்று கேட்கிறாள். இதைத்தான் அவர்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"ஆகாது சாமி. கோபத்தால அது வரவும் வராது, பெருசாகவும் ஆகாது. டாக்டரம்மாவ வேணா கூப்பிட்டுக் கேப்பமா?"

வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் தாளைத் திருப்பி, கிழியாத பக்கத்தை அவள் முன்னால் வைத்தேன். டப்பாவிலிருந்து சிவப்பு கிரேயானை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் அவளுக்கு ஆபரேஷன். அவளுக்கு ஒரு திண்டு தைத்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வாள், அது அவள் விருப்பம். என்ன ஆகும் என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. என்னாலும் சொல்ல முடியாது. ஆபரேஷனன்று காலையில் ஜீப் குப்பனூர் வழியாக இறங்கி, அவளையும் அவள் புருஷனையும் ஏற்றிக்கொண்டு போகிறது. அது மட்டும் முடிவாகியிருக்கிறது.